இருபதில் பதினொன்று

அந்த அறைக்குள் கால் வைத்தாலே சிலாஃபாகாவுக்கு எரிச்சல் மண்டியது. தீவுத் தலைநகரான ஆப்பியாவுக்கு மேற்கே ஒரு சர்ச் பள்ளியில் அவள் கணினி டீச்சர். ஆக்லாந்துக்காரர்கள் நன்கொடையாக அனுப்பிய இருபது பழைய கணினிகளில் ஒன்றுக்கும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொன்றும் கேபிள் வழியே, "எனக்கு முகவரி கொடுங்கள், என்னை இயக்கும் லினக்ஸ் எங்கே?" என்று கேட்கும். மூலையில் இருக்கும் சர்வர் இரண்டையும் கொடுத்து எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மூன்று வாரமாக ஒரு நாள் ஏழு எழுந்தன, ஒரு நாள் பதின்மூன்று. இருபதும் எழுந்த நாளே இல்லை.

"கேபிள்தான் கோளாறு" என்று ஆசிரியர் கூட்டத்தில் அவளே போட்டு உடைத்திருந்தாள். கேபிள் போட்டவன் அவள் கொழுந்தன் ஃபெதுவாவோ. வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் புதுக் கட்டட வயரிங் வேலை அவனுக்கு இல்லை என்றார் தலைமையாசிரியர். சொந்தக்காரன் என்று மூடி மறைக்கவில்லையே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

வியாழன் காலை, மூன்றாம் முறையாக எல்லாக் கேபிளையும் மாற்றிவிட்டு அவன் நிமிர்ந்தான்.

"போடுங்க அண்ணி."

பதினொன்று எழுந்தன.

"என்னத்தைப் போட்ட நீ? வலை பின்னுறவன்கூட இதைவிட ஒழுங்கா முடிச்சுப் போடுவான்!"

"மூணு தடவ பிரிச்சு மாத்திட்டேன். இன்னும் என்னதான் செய்யச் சொல்றீங்க?" கையிலிருந்த குறடை மேசையில் வைத்துவிட்டு அவன் வெளியே போனான்.

எழாத கணினியைக் கண்டால் உடனே அணைத்துப் போடுவது அவள் வழக்கம். அன்று அதற்கும் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். முகவரி வந்திருந்தது. ஆனால் அது அவள் சர்வர் கொடுக்கும் முகவரியே இல்லை. வேறு யாரோ முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள்! மூன்று வாரமாகக் கண்ணெதிரே இருந்த வரி. தலையில் அடித்துக்கொண்டாள்.

பள்ளியின் கேபிள் ஒன்று பாதிரியார் வீட்டுக்கும் போவது நினைவுக்கு வர, அங்கே போனாள். அங்கே மேசைமேல் பூத்துணி விரித்து, வைஃபை பெட்டி ஒன்றை அலங்காரச் சாமான்போல வைத்திருந்தார்கள். போன மாதம் சிலாஃபாகா கொடுத்த காணிக்கை. சர்ச்சில் அவள் பெயரை உரக்க வாசித்தார்கள். கேபிளைச் செருகியவளும் அவள்தான், அதுவும் தப்பான துளையில். பள்ளிக் கணினிகளுக்கெல்லாம் இந்தப் பெட்டியும் முகவரி வாரி வழங்கிக்கொண்டிருந்தது. அது முந்திக்கொண்ட கணினிக்கு லினக்ஸ் கிடைக்காது.

"இது சரியா வேலை செய்யுதாம்மா?"

பாதிரியாரின் மனைவி தயங்கினார். "ஒரு நாள் பேசும், ஒரு நாள் பேசாது. குடுத்தவ மனசு நோகக் கூடாதுல்ல? அதான் சொல்லல."

சிலாஃபாகாவுக்கு அழுவதா கத்துவதா தெரியவில்லை. கேபிளைப் பிடுங்கிச் சரியான துளையில் செருகினாள். பள்ளிக்கு ஓடி சுவிட்சைப் போட்டாள். இருபதும் எழுந்தன. கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பாதிரியார் நடுவில் உட்கார்ந்திருந்தார். கோகோ கோப்பைகள் வந்தன. ஃபெதுவாவோ கதவோரம் நின்றான்.

"கடைசியில கேபிளை மாத்தினதும் சரியாயிடுச்சு, அப்படித்தானே?" என்றார் தலைமையாசிரியர்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். காணிக்கைக்கும் குறையில்லை, பாதிரியார் வீட்டுக்கும் சங்கடமில்லை. சிலாஃபாகா எழுந்தாள்.

"இல்ல சார். கேபிள் முதல் நாள்லேருந்தே நல்லாத்தான் இருந்துச்சு. நான் காணிக்கையாக் குடுத்த பெட்டியை நானே தப்பாச் செருகிட்டு, இவன்மேல பழி போட்டேன்."

யாரும் கோப்பையைத் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, திங்கட்கிழமை வயரிங் ஆரம்பிக்கலாம் என்று பாதிரியாரே சொன்னார்.

வெளியே அவள் அவன் பின்னால் ஓடினாள். "ஃபெதுவாவோ, நில்லுப்பா. மன்னிச்சிடு."

அவன் நின்றான், திரும்பவில்லை.

"திங்கக்கிழமை வர்றேன் அண்ணி. புதுக் கட்டடத்துக்கு. உங்க ரூமுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."