பகலில் பார்த்து எடுத்த கோல்கீப்பர்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தாயா என்று தெருமுனையில் நின்று கேட்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரியும். இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: ஒரு கால்பந்து கிளப்புக்கு ஆள் பார்த்துக் கொடுப்பது. ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து, நம் கையில் இருக்கும் காசுக்கு யாரை வாங்கலாம் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பெயர் பயிற்சியாளருக்கு, தப்பாகச் சொன்னால் திட்டு இவருக்கு.

கிளப்பில் எல்லாரும் இவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை கூர்மையான கண்ணாம். ஒருவன் பந்தை உதைப்பதை இவர் பார்க்கவே மாட்டாராம். பந்து காலில் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான், பாதி ஆட்டத்தில் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான், அதைத்தான் பார்ப்பாராம். வீட்டில் மூக்குக்கு முன்னால் இருக்கிற உப்பு டப்பா எங்கே என்று கேட்டு என் உயிரை எடுக்கிற கழுகு இது.

எங்கள் கிளப் சின்னது. லீக்கில் ஒரு சட்டம் உண்டு. கிளப்பின் வருமானத்தில் இன்ன பங்குக்கு மேல் ஆட்டக்காரர்களின் சம்பளம் போகக் கூடாது. போனால் புது ஆளைப் பதிவு செய்ய விடமாட்டார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம். ஆகவே ஒருவனை வாங்க வேண்டுமானால் இன்னொருவனை விற்றாக வேண்டும். கிளப்பின் சொந்தக்காரரைத் தலைவர் என்போம். அவர் எங்கள் பழைய கோல்கீப்பரை ஒரு பெரிய கிளப்புக்கு விற்று, அந்தப் பணத்தில் கோல் போடுகிற ஆட்கள் இரண்டு பேரை வாங்கினார். பிறகு இவரைக் கூப்பிட்டு, "கழுகு, மிச்சம் இவ்வளவுதான். இதுக்குள்ள ஒரு கோல்கீப்பரைப் பிடிச்சுக் குடு" என்றார்.

"இந்தக் காசுக்குக் கையுறைதான் வரும், கை வராது" என்று இவர் பதில் சொன்னார். அங்கே இல்லை, வீட்டுக்கு வந்து என்னிடம்.

அந்த வருடம் பயணச் செலவையும் வெட்டிவிட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்து அன்றைக்கே திரும்ப வேண்டும். தங்கினால் அறை வாடகை நம் தலையில். அதனால் இவர் பார்த்ததெல்லாம் மத்தியான ஆட்டங்கள். விளக்குப் போட்டு நடக்கிற ஆட்டத்துக்குப் போனால் பாதியிலேயே பஸ்ஸுக்கு ஓட வேண்டும், அதனால் போகவே மாட்டார். இது யாருக்கும் தப்பாகப் படவில்லை. காசு மிச்சம் என்றுதான் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

அப்படிக் கிடைத்தவன்தான் நெட்டை. விளக்குக் கம்பமே இல்லாத ஒரு சின்ன மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தான். வெயிலில் நின்றால் அந்தப் பையனின் கைக்குத் தப்பி ஒரு ஈ போகாதாம். இவர் நாலைந்து தடவை போய்ப் பார்த்தார். "கிடைச்சாண்டி! சல்லிக் காசுக்குத் தங்கம்!" என்று குதித்துக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் குதித்து நான் பார்த்ததில்லை. கிளப் டாக்டர் முட்டியைத் தட்டி, நெஞ்சைக் கேட்டு, பளிச்சென்ற அறையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, ஆள் சரி என்று கையெழுத்துப் போட்டார். மூன்று வருட ஒப்பந்தம்.

அவனும் அவன் மனைவியும் எங்கள் மாடி வீட்டுக்கே குடிவந்தார்கள். அந்தப் பெண் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வந்த அன்றைக்கே அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள்; எனக்கும் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள். "இனிமே வாடகை வீடு மாத்திக்கிட்டே அலைய வேண்டாம்க்கா. மூணு வருஷம் ஒரே இடம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். குழந்தைக்குத் தொட்டில் எந்தப் பக்கம் போடலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள்.

ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலம் முடிந்த மறுநாள். பொழுது சாய்ந்து, விளக்குப் போடலாமா வேண்டாமா என்கிற நேரம். மாடிப்படி பல்பு போய்விட்டிருந்தது. நெட்டை படியிறங்கி வந்தான். சுவரைக் கையால் தடவிக்கொண்டே, ஒவ்வொரு படியையும் காலால் துழாவிக்கொண்டே வந்தான். கீழே நான் துணி ஊறவைத்திருந்த வாளி, எனக்கு நன்றாகத் தெரிகிற வாளி, அதற்குள் நேராகக் காலை விட்டான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "கோல்கீப்பர் ஐயா, வாளியையே தடுக்கத் தெரியலயே!" என்றேன். அவனும் சிரித்து வைத்தான். இவர் சிரிக்கவில்லை. ஆணியில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து, "தம்பி, இந்தா பிடி" என்று மெல்ல வீசினார். சாவி போய் அவன் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் அவன் கை எழுந்தது.

இவர் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவனை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "சின்ன வயசுலேர்ந்தே பொழுது சாஞ்சா மங்கல்ணே. இப்ப ரெண்டு வருஷமா ரொம்ப. என் மாமாவுக்கும் இப்படித்தான், கடைசியில பகல்லயும் போயிடுச்சு. நீங்க ராத்திரி ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ணே. சத்தியமாச் சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல" என்றான். பிறகு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான். "அவளுக்குத் தெரியாதுக்கா. குழந்தை பொறக்கற வரைக்கும் சொல்லிடாதீங்க."

வருகிற சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் முதல் ஆட்டம், விளக்கு வெளிச்சத்தில். அந்த விளக்குகளில் பாதி எரியாது; பழுது பார்க்கக் காசில்லை என்று தள்ளிப்போட்டு வைத்திருந்தார்கள். உயரமாக வருகிற பந்து இருட்டுக்குள் போய் மறைந்து, திடீரென்று முகத்துக்கு முன்னால் இறங்கும். பந்தோடு சேர்ந்து எதிராளியின் முட்டியும் பூட்ஸும் வரும். சொன்னால், நோயை மறைத்தான் என்று அவனைத் துரத்துவார்கள், இவரையும் துரத்துவார்கள். சொல்லாவிட்டால் அவன் மண்டை உடையும். இருதலைக் கொள்ளி எறும்பாக இவர் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தார். "ஏங்க, வேலை போனா போகட்டும். போய்ச் சொல்லிடுங்க" என்றேன். எனக்கு மட்டும் பயமில்லையா என்ன? வாடகை, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் என் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன.

போய்ச் சொன்னார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னார். தலைவர் கோபப்படவே இல்லையாம். கதவைச் சாத்தச் சொல்லி, பொறுமையாக விளக்கினாராம்.

"மறைச்ச நோய்னு எழுதினா நமக்கு ஒண்ணும் கிடைக்காது. அவனைத் துரத்தினாலும் அவன் சம்பளம் லீக் வரம்புக் கணக்குலயே நிக்கும், வேற ஆளைப் பதிவு பண்ண முடியாது. ஆட்டத்துல அடிபட்டான்னு வச்சுக்க, அது வேற. சம்பளத்தை இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். வரம்புலேர்ந்து அவன் பேர் விலகிடும். அடிபட்டவனுக்குப் பதில்னா, வாங்கற காலம் முடிஞ்சாலும் லீக்ல விடுவாங்க, நாளைக்கே வேற கோல்கீப்பரைக் கொண்டு வரலாம். அதனால நீ எங்கிட்ட எதையும் சொல்லல, நான் எதையும் கேக்கல. சனிக்கிழமை அவன் ஆடட்டும்."

"பாவி! வெளங்குவானா அவன்?" என்று கத்தினேன். மாடிக்குக் கேட்கும் என்று இவர் என் வாயைப் பொத்தினார்.

அன்றைக்கே நெட்டையைக் கீழே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். "தம்பி, கால் சுளுக்குன்னு சொல்லி உக்காந்துடு. எத்தனை ஆட்டம் தள்ள முடியுமோ தள்ளு. நடுவுல ஏதாவது வழி பண்ணலாம்."

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அடிபட்டா எது வரைக்கும்ணே சம்பளம் வரும்?" என்று கேட்டான்.

"ஒப்பந்தம் முடியற வரைக்கும்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"மூணு வருஷமும்?"

பையன் முகத்தில் அத்தனை நாளாக இருந்த கலக்கம் போய்விட்டது. நல்ல பிள்ளையாக எழுந்து, "நான் ஆடறேண்ணே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்த அமைதியைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. பயிற்சியாளரிடம் போகலாம் என்றால் அவர் தலைவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். நெட்டையை நேரில் பிடித்து இவர் மறுபடி மறுபடி கெஞ்சினார். அவன் ஒவ்வொரு தடவையும், "பாத்துக்கறேண்ணே" என்றான்.

சனிக்கிழமை தங்கச்சி புதுத் துணி உடுத்திக்கொண்டு, "வாங்கக்கா, முன்னாடியே போய் நல்ல இடம் பிடிக்கலாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். கோலுக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. சின்ன மைதானம், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். இவர் எங்களோடு உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளிச்சம் இருக்கும் வரை நெட்டை இரண்டு பந்தைப் பிடித்தான். தங்கச்சி கை வலிக்கத் தட்டினாள். பிறகு வானம் கறுத்தது, எரிகிற விளக்குகள் மட்டும் எரிந்தன. தூரத்திலிருந்து ஒருவன் அடித்த பந்து அவன் தோளைத் தாண்டிப் போய் வலையில் விழுந்தது. அவன் அசையவே இல்லை. கூட்டம் கூச்சல் போட்டது. "முத ஆட்டம்ல, பதட்டமா இருப்பாரு" என்றாள் தங்கச்சி, என்னைப் பார்த்து. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எதிரணிக்கு மூலையிலிருந்து உதைக்கும் வாய்ப்புக் கிடைத்தது. எல்லாரும் கோலுக்கு முன்னால் முண்டினார்கள். எல்லார் கண்ணும் பந்தின் மேல். இவர் எந்தக் காலத்தில் பந்தைப் பார்த்தார்? நெட்டையைப் பார்த்தார். அவன் மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் இருந்த கோலின் இரும்புக் கம்பத்தைக் கையால் தொட்டு, ஒரு எட்டுத் தள்ளி நின்று, திரும்பவும் தொட்டுப் பார்த்தான். கையுறை கம்பத்தில் படுவதை நானும் பார்த்தேன். எவ்வளவு தூரத்தில் பாய்ந்தால் தலை படும் என்று அளந்துகொண்டிருந்தான்.

பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிற மனுஷன், தலைவருக்கு முன்னால் வாய் திறக்காத மனுஷன், அந்தக் கம்பியை எப்படித் தாண்டினார் என்று எனக்குத் தெரியாது. சட்டை கிழிந்தது. காவலுக்கு நின்ற ஆள் பிடித்ததையும் உதறிக்கொண்டு ஓடினார். ஓடிப்போய் நெட்டையின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விழுந்தார். அதற்குள் நடுவர் விசில் ஊதிவிட்டார். ஆட்டக்காரர்கள் ஓடி வந்து இவரைப் பிய்த்து எடுக்கப் பார்த்தார்கள். "விடுங்கண்ணே, விடுங்க!" என்று நெட்டை கதறினான். இவர் விடவில்லை.

"இவனுக்கு ராத்திரியில கண்ணு தெரியாது!" என்று கத்தினார். குரல் உடைந்து, அழுகையோடு, இன்னும் பலமாகக் கத்தினார். "நான்தான் தப்பாப் பாத்து எடுத்தேன்! தெரிஞ்சே இறக்கி விட்டிருக்காங்க! இவனுக்குக் கண்ணு தெரியாது!"

மைதானம் கப்சிப் என்று ஆனது. மேலே பந்தலில் தலைவர் எழுந்து நின்றார். அவரைப் பார்க்க எனக்கு நேரமில்லை. தங்கச்சி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, யாருக்குக் கண்ணு தெரியாதுங்கறாரு?"

நான் நெட்டையின் பக்கம் பார்த்தேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, பெஞ்சைப் பிடித்து எழுந்து, அந்தக் கனத்த வயிற்றோடு கம்பியை நோக்கித் தனியாக நடந்தாள்.