அப்பன் பேரில் ஓர் ஆள் வேலை

ஒரு வேலையை அரசாங்கம் நிரந்தரமாக்குகிறது என்று கேள்விப்பட்டால், அதைச் செய்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை நான் எந்தச் சுற்றறிக்கையிலும் படிக்கவில்லை. ஜவ்வாது மலையில் வனத்துறை ரேஞ்சு ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தபோது கண்ணால் பார்த்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே போனேன். ஆண்டுதோறும் காட்டில் ஒரு பகுதியை வெட்டுக்கு ஒதுக்குவார்கள். அதற்குக் கூப்பு என்று பெயர். மரம் வெட்ட, சந்தனத்தை வேரோடு தோண்ட, கட்டைகளைத் தோளில் சுமந்து கிடங்குக்குக் கொண்டுவர, மலை ஊர்க்காரர்களைத் துறையே தினக்கூலிக்கு வைத்துக்கொண்டது. காலையில் வனக்காவலர் மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன் சாமி" என்று குரல் வந்தால் ஒரு கோடு போடுவார். குரல் யாருடையது என்று எழுத மஸ்டரில் கட்டம் கிடையாது.

அறுபதுகளில் மலைமேல் லாரி ஏறத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. கூப்புகளைக் காண்டிராக்டர்களுக்கு ஏலம் விடலாம், அவர்கள் கீழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து வெட்டிக்கொள்வார்கள் என்று முடிவாயிற்று. நாற்றங்காலுக்கும் தீத்தடுப்புக்கும் மட்டும் ஒரு சின்னக் குழுவை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். விடாமல் வேலைக்கு வந்தவர்களுக்கு முன்னுரிமை. பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. பழைய மஸ்டர்களைப் புரட்டினேன். ஒரு பெயர் மட்டும் தனித்து நின்றது. மழை, காய்ச்சல், ஊர்த் திருவிழா எதுவும் அந்த மனிதரைத் தடுத்ததில்லை. நானே அவ்வளவு ஒழுங்காக ஆபீஸ் போனதில்லை. அவரைப் பட்டியலில் முதலில் வைத்தேன். பெயர் இங்கே வேண்டாம். அது பட்ட பாடு போதும்.

சரிபார்க்க மேலதிகாரி ஜீப்பில் வந்தார். கிடங்கு வாசலில் நாற்காலி போட்டோம். முதல் பெயரைக் கூப்பிட்டேன். மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.

"ஒரு பேருக்கு மூணு ஆளா?" என்றார் அதிகாரி.

"வூட்டுக்கு ஒரு ஆளு சாமி," என்றார் மூவரில் மூத்தவர். "நாங்க அண்ணந்தம்பிங்க. ஒருத்தன் சாமைக் கொல்லைல பன்னி வெரட்டணும். ஒருத்தன் ஆட்ட ஓட்டிக்கினு போவணும். மீந்தவன் இங்க வருவான்."

"அப்ப இந்தப் பேர் யாரோடது?"

"எங்கப்பனோடது."

"அவர் எங்கே?"

"அவுரு செத்துப்போயி ரொம்ப நாளாச்சு சாமி."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "செத்தும் ஒரு நாளு நிக்கல பாருங்க சாமி, இவுருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்க?" கூட்டம் சிரித்தது. அண்ணன் தம்பிகளும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

அந்த மலையில் பாகம் பிரியாதவரை வீட்டுக்கு அப்பன் பெயர்தான். வேலையும் வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. யார் வந்தாலும் அந்த வீடு வந்ததாகக் கணக்கு. இதில் ஒளிக்க ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அதிகாரியோ இதை ஆள்மாறாட்டம் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. தோண்டிய மரமெல்லாம் கிடங்கில் கிடந்தது. தோண்டியவர் மட்டும் சட்டப்படி இல்லை.

எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் யோசித்தேன். வாரிசு நியமனம் தினக்கூலிக்குப் பொருந்தாது. பெயர் மாற்றத்துக்கு மனுப் போடுகிறவர் உயிரோடு இருக்க வேண்டும். கடைசியில் மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மூணு பேர்ல நீர்தான் அதிகமா வந்தவர்னு நான் ஒரு குறிப்பு எழுதறேன். உம்ம பேர்ல கேட்டுப் பார்க்கலாம்."

"அப்ப சம்பளம் என்னுது ஆயிடுமே சாமி."

"வாங்கித் தம்பிகளுக்குக் கொடும். யார் வேண்டாம்ங்கறது?"

"இப்ப எங்க வூட்ல யாரும் யாருக்கும் குடுக்கறதில்ல சாமி," என்றார். "நான் குடுத்து அவனுங்க வாங்கினா, அது வேற மாதிரி ஆயிடும்."

அந்த வேலை அவர்களுக்கு வேண்டாம் என்று இல்லை. அவர்கள் கொல்லையில் விளைந்த சாமை அறுப்பு முடிந்து சில மாதங்களுக்குத்தான் வரும். மீதி நாட்களுக்கு அடுப்பு எரிந்தது இந்தக் கூலியில்தான்.

அதிகாரி அந்தப் பெயரை அடித்துவிட்டார். ஆள்மாறாட்டக் குறிப்பை எழுதாமல் விட்டது அவர் காட்டிய கருணை. அவர் ஜீப்பில் ஏறும்போது மூவரும் எதிரே போய்க் கும்பிட்டு நின்றார்கள். "பாகம் பிரிஞ்சு, தனித்தனிப் பேரா வாங்க. அடுத்த தடவை பார்க்கலாம்," என்றார். ஜீப் போய்விட்டது.

அரசாங்கத்தில் 'பார்க்கலாம்' என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே சொன்னேன், அது வழியை விடச் சொல்லும் பேச்சு, அதை நம்பி எதையும் செய்யாதீர்கள் என்று. நடுத்தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பெரிய சாமியே வாயால சொல்லிட்டாரு. நீங்க இன்னா சாமி, குறுக்க பூந்து?" என்றார். மலையில் வாய்ச்சொல்தான் பத்திரம்.

அந்த ஆண்டே பாகம் பிரித்தார்கள். கொல்லையைக் கல் நட்டு மூன்றாக்கினார்கள். ஆடுகளைப் பங்கிட்டார்கள். மூன்று அடுப்பு ஆயிற்று. முன்பு ஒருவர் காவல் இருந்தால் கொல்லை முழுவதும் பிழைத்தது. இப்போது ஒவ்வொருவரும் தன் துண்டுக்குத் தானே பரண் கட்ட வேண்டியிருந்தது; தினமும் கொல்லையை விட்டு வர யாராலும் முடியவில்லை. காண்டிராக்டரின் கூப்புக்குப் போய், முறை வைத்து வருகிறோம் என்று கேட்டார்கள். அவருக்குப் பெயர் முக்கியமில்லை, தினமும் அதே ஆள் வர வேண்டும். முறை வைத்து வருகிறவர்கள் அவருக்கும் உதவ மாட்டார்கள்.

பிறகு ஒரு நாள் மூவரும் ஆபீசுக்கு வந்தார்கள். சட்டை போட்டிருந்தார்கள். அதுவரை நான் அவர்களைச் சட்டையோடு பார்த்ததில்லை.

"பிரிஞ்சிட்டோம் சாமி," என்றார் மூத்தவர். "இப்ப ஆளுக்கொரு பேரு இருக்குது. எழுதிக்குங்க."

குழு நிரம்பிவிட்டது. இனி ஆள் எடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவும் வந்திருந்தது. 'பார்க்கலாம்' என்று சொன்ன அதிகாரியும் மாற்றலாகிப் போய்விட்டார். இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லும்போதே மூத்தவர் கேட்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன்.

"அப்ப நாங்க எதுக்கு சாமி பிரிஞ்சோம்?" என்றார் சின்னவர்.

ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன். மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுதினேன், விதி அப்படி. அவற்றுக்கு என்ன பதில் வரும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அவர்கள் வெளியே போய், பதிலுக்காக மூன்று இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.