ஒரு மணிக்குப் பதிந்த மேசை

நான்காவதாகப் பேச்சு வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் பார்க்க எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வர மாட்டோம் என்றார்கள். கோலாலம்பூரைத் தாண்டிக் காட்டோரத்தில், ஏரியில் படகும் கரையில் ராட்டினமுமாக ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அதற்குள் இருந்த உணவகத்தில் சனிக்கிழமை ஒரு மணிக்கு ஏழு பேருக்கு மேசை பதிந்திருப்பதாகத் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் அந்த உணவகத்தில் மேற்பார்வையாளர். பொண்ணு பிடிச்சாலும் சாப்பாடு, பிடிக்காட்டியும் சாப்பாடு என்று சொல்லித் தரகர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அம்மாவுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. முந்தைய மூன்று பேரும் லயத்துக்கு வந்துதான் பார்த்தார்கள். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள் நிற்கும் இடத்தில் பெண் பார்ப்பது என்றால் பன்னிரண்டு வீடும் சேர்ந்து பார்ப்பதுதான். இரண்டாவது ஆட்கள் வந்தபோது சன்னல் கம்பிகளுக்கு இடையே பிள்ளைகளின் மூக்குகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது ஆட்கள் வேண்டாம் என்று சொன்ன செய்தி எங்களுக்கு முன்பே தண்ணீர்க் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் இம்முறை, கோலாலம்பூரில் ஒரு கல்யாணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

பார்க்கப்பட வேண்டியவள் சின்னம்மா, அம்மாவின் தங்கை. வயது இருபத்தொன்பது. தாத்தா இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னதை நான் கரையேற்றுகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு முறை சம்பந்தம் தட்டிப்போகும்போதும் அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். சின்னம்மா வழக்கம்போல் சாப்பிடுவாள். மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. விடிவதற்கு முன், தோட்டத்துச் சாலை முடியும் சடக்கு முனைக்கு வரும் வேனில் ஏறிப் போய், அந்தியில் திரும்புவாள். வரும்போது பூதக்கண்ணாடியின் அச்சு இன்னும் கண்ணோரம் பதிந்திருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, ரவாங்கில் மாமியார் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஒத்தாசையாக இருக்க வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் நிபந்தனை. அதுக்கென்ன, இருந்துட்டுப் போறா என்று அம்மா தரகரிடம் சொன்னாள். அப்போது சின்னம்மா அடுப்படியில் மறுநாளைக்கு வேண்டிய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு. ஆண்டு பிறந்தபோது அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளியிருந்தது. பள்ளிக்கூடமும் அஞ்சலகமும் பேருந்தும் அன்றே மாறின. தோட்டம் மாறவில்லை. வெளிச்சம் வந்தால்தான் பால்மரம் சீவ முடியும். காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டு எப்போது நடக்கும் என்பதைச் சூரியன்தான் தீர்மானித்தது. அப்பா மண்டோர், வேலையாட்களை மேற்பார்க்கிறவர். பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்க வேண்டியவர். அவருடைய கைக்கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடியது. ராகு காலமும் எமகண்டமும் பழைய மணிப்படிதான் என்று கோயில் பூசாரியும் சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் வீட்டில் யாராவது மணி சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "எந்த மணி? தோட்டத்து மணியா, சர்க்கார் மணியா?" எனக்கு அப்போது பத்து வயது. அரை மணியைக் கூட்டிக் கழிப்பதில் வீட்டில் நான்தான் வேகம்.

தரகர் ஒரு மணி என்று சொன்ன அன்று அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அப்பா நேரே சுவரில் தொங்கிய நாட்காட்டிக்குப் போனார். சனிக்கிழமை எமகண்டம் ஒன்றரைக்குத் தொடங்குகிறது. ஒரு மணி என்றால் அதற்குள் பார்த்துப் பேசி முடித்துவிடலாம். அவருக்குத் திருப்தி. நாட்காட்டியின் மணி பழைய மணி. மாப்பிள்ளை வீட்டாரின் ஒரு மணியும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

ராகு காலம் ஒன்பது மணிக்கு. அதற்கு முன்பே வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று எட்டு மணிக்கே எங்களைக் கிளப்பினார். சின்னம்மா மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். கோலா சிலாங்கூருக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஒன்று, பிறகு மூன்றாவதாக ஒன்று. பூங்காவின் வாசலில் இறங்கியபோது அப்பாவின் கடிகாரத்தில் பதினொரு மணி.

முதல் வேலையாக அப்பா உணவகத்தைத் தேடிப் போனார். வாசலில் ஒரு குடைக்குக் கீழே சிறு மேசையும் தடித்த நோட்டுமாக மலாய்க்கார இளைஞர் ஒருவர் இருந்தார். நோட்டில் விரலை ஓட்டிப் பார்த்து, ஒரு மணி, ஏழு பேர் என்று உறுதி சொன்னார். சனிக்கிழமை கூட்டம் அதிகம் என்பதால் ஆட்கள் முழுதாக வராவிட்டால் பதினைந்து நிமிடத்தில் மேசையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார். அப்பாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. நாங்கள்தான் வந்துவிட்டோமே என்று மலாயில் பதில் சொன்னார்.

"அப்படியே உள்ள போயி உக்காந்துருவோமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நல்லா இருக்கும்! சோத்துக்குக் காஞ்சு போயி முன்னாடியே வந்து உக்காந்துட்டாங்கன்னு மாப்பிள்ளையோட அம்மா ஊரெல்லாம் சொல்லும். அவங்க வந்து உக்காரட்டும். பொண்ணு வீட்டுக்காரங்க நாம ஒரு மணிக்கு டாண்ணு போவோம்."

அப்படித்தான் ஏரிக்கரைக்கு வந்தோம். காலால் மிதித்து ஓட்டும் படகுகள் இருந்தன. அன்னப்பறவை போலச் செய்து, அலகுக்கு மட்டும் புதிதாகச் சிவப்புச் சாயம் அடித்திருந்தார்கள். நீண்ட வரிசை. அம்மாவும் அப்பாவும் ஒரு மரத்தடிப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்கள். நானும் சின்னம்மாவும் வரிசையில் நின்று படகேறினோம்.

ஏரியின் நடுவே காற்று இல்லை. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. சின்னம்மா சேலையை முழங்கால்வரை ஒதுக்கிச் செருகிக்கொண்டு மிதித்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது. தொழிற்சாலையில் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் அட்டையில் சிவப்பு மை விழும் என்பதால் அவளுடைய கடிகாரம் எப்போதும் சர்க்கார் மணிதான். பன்னிரண்டு ஐம்பது காட்டியது.

"சின்னம்மா, மணி ஒன்னு ஆவப் போவுது."

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "அப்பாகிட்டதான மணி இருக்கு? அவரு கூப்புடட்டும்."

"அப்பா மணி பழைய மணி."

"ஒனக்கு இன்னொரு தடவ ஏறணுமா, வேணாமா?"

ஏற வேண்டும். அடுத்த முறை நானே திசை திருப்பும் பிடியைப் பிடிக்கலாம் என்றும் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கரைக்கு வந்தபோது அப்பா கையைத் திருப்பிப் பார்த்து, "பன்னெண்டு முப்பத்தஞ்சுதான்," என்றார். "புள்ள ஆசப்படுது, இன்னொரு சுத்துப் போயிட்டு வாங்க. சீக்கிரம் வந்துருங்க." அம்மா மட்டும், சேலை கசங்கிப்போகும் என்று முனகினாள். வரிசை கரைந்திருந்ததால் உடனே படகு கிடைத்தது. இரண்டாம் சுற்றில் சின்னம்மா அவ்வளவாக மிதிக்கவில்லை. படகை அதன் போக்கில் விட்டுவிட்டு எதிர்க்கரை மூங்கில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடியை இப்படியும் அப்படியும் திருப்பினேன். படகு ஒரே இடத்தில் சுற்றியது. அன்று அது எனக்குப் பெரிய சாதனை.

அப்பாவின் கடிகாரப்படி ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது உணவகத்தின் வாசலை அடைந்தோம். அப்பா முன்னால் நடந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, சொன்ன நேரம் தவறாதவரின் நடையில் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். பட்டுச் சேலையில் ஓர் அம்மாள், உணவகத்தின் சீருடையில் அண்ணன், கண்ணாடி போட்ட ஒல்லியான மாப்பிள்ளை. சன்னலுக்கு உள்ளே நீளமான மேசை ஒன்றில் வேறொரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்க," என்றாள் அந்த அம்மாள். "இன்னும் கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு வந்துருக்கலாம்லா."

அப்பாவுக்குப் புரியவில்லை. "ஒரு மணின்னு சொன்னீங்க..."

"ஒரு மணிக்கு நாங்க மூணு பேரு ஏழு நாக்காலிக்கு முன்னாடி உக்காந்துருந்தோம். எச்சி முழுங்கிக்கிட்டே உக்காந்துருந்தோம். பதினஞ்சு நிமிஷம் பாத்தான், எந்திரிங்கன்னுட்டான். எம் மூத்தவன் வேல செய்ற எடம். அவனுக்குக் கீழ உள்ள பையனே அவன எழுப்பி விடுறான்."

அப்பா கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். அண்ணன் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னாங்கய்யா, சர்க்கார் மணிய மாத்தி எத்தன மாசமாச்சு! ஒங்க தோட்டத்துக்கு இன்னும் தந்தி வரலையா?"

வாசலில் வரிசையில் நின்றிருந்த தமிழர் ஒருவர் சிரித்தார். நீட்டிய கையை அப்பா உடனே மடக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் சற்று நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். பெரட்டில் நூறு பேரை நிறுத்தி அதட்டுகிறவர் அவர். "மன்னிச்சிக்கிங்க. எம் பெசகுதான். பொண்ணு மேல ஒன்னும் இல்ல. பொண்ண ஒரு தடவ பாருங்க," என்றார்.

சின்னம்மா கைகூப்பினாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். பிறகு கூப்பிய கைகளைப் பார்த்தார். இடது மணிக்கட்டுக் கடிகாரத்தில் அவருடைய பார்வை நின்றது. தன் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"ஃபேக்டரியில ஒங்களுக்கு எத்தன மணி ஷிப்டு?"

"ஏழு மணி."

"லேட்டா போனதுண்டா?"

"ஒரு நாளும் இல்ல."

வேலையைப் பற்றி விசாரிக்கிறார், அப்படியானால் பிடித்துவிட்டது என்று நினைத்து நான் அம்மாவின் கையைக் கிள்ளினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். முகத்தில் கோபம் இருந்ததாக நினைவில்லை. "அம்மா, போலாம்," என்றார். அந்த அம்மாள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளுடைய தோளைத் தொட்டுத் திருப்பினார். அப்பாவுக்கு மட்டும் வணக்கம் வைத்துவிட்டுப் போனார். நின்றபடி நடந்த அந்தப் பெண் பார்ப்பு மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும்.

வெளியே ஒரு வண்டிக்கடையில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். அப்பா சாப்பிடவில்லை.

கோலா சிலாங்கூர் பேருந்தில் அப்பாவும் அம்மாவும் முன் இருக்கையிலும் நாங்கள் இருவரும் பின்னாலும் இருந்தோம். பாதி வழியில் அப்பா திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "என்னால வந்த வினைம்மா. ஒங்கப்பாவுக்குக் குடுத்த வாக்க நானே கெடுத்துட்டேன். மனசுல வச்சிக்காத."

"ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல மாமா," என்றாள் சின்னம்மா.

அப்பா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னம்மா அவருடைய முதுகைப் பார்த்து, முன்பைவிடச் சற்று உரக்க, மறுபடியும் சொன்னாள். "ஒங்க மேல தப்பு இல்ல மாமா."

"இந்த மனசுக்காச்சும் ஒருத்தன் கெடைக்க மாட்டானா," என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

அதன்பின் வந்த தரகர்களிடம் அம்மாதான் பேசினாள். அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். எந்தப் பேச்சும் அமையவில்லை. பல ஆண்டுகள் கழித்து என் கல்யாணப் பேச்சு நடந்த அன்றும் அவர் கூடத்தில் உட்காரவில்லை. தன் கைராசி அப்படி என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் போகும்வரை கோயில் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூட்டி வரப் போன சின்னம்மா தனியாகத்தான் திரும்பினாள். அவளுடைய முகத்தை அன்று நான் கவனிக்கவில்லை.

பேருந்தில் அவள் சொன்னதை ஆறுதல் என்றே அம்மா எடுத்துக்கொண்டாள். அப்பாவும் சாகும்வரை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். படகில் கூடவே இருந்த நானும், அவள் ஏன் அதை இரண்டு முறை சொன்னாள் என்று யோசிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் வார்த்தைகள் அவை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.