வெண்டெலும் இரண்டு கட்டைகளும்

வெண்டெல் ஹவுட்டலா ஒன்பது வருடமாக ஒரு மானைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அதற்காக அவன் சுடாமல் இருந்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வடக்கு மிச்சிகனில் நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்குகிறது. அன்றைக்கு அங்கே பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். அந்தத் தேதியில் அவன் காட்டிலிருக்கும் வேட்டைப் பரணில் ஏறாத வருடம் ஒன்றே ஒன்றுதான், குடல்வாலை வெட்டி எடுத்த வருடம். மற்ற வருடமெல்லாம் ஏறுவான், காத்திருப்பான், மான் வரும், சுடுவான். மான் ஒரு கணம் நின்று சத்தம் வந்த திசையைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் கிளம்பிப் போகும்.

தப்பு யாருடையது என்பதில் வெண்டெலுக்குச் சந்தேகமே கிடையாது. தப்பு கட்டையுடையது.

துப்பாக்கியில் குழலைத் தாங்கிக்கொண்டு தோளில் வந்து அணைகிறதே, அந்தக் கட்டை. முதலில் அவனிடம் இருந்தது வால்நட் மரக்கட்டை. நாலு வருடம் அதுதான் குற்றவாளி. மழையில் மரம் ஊறிவிட்டது, ஊறி ஊதிவிட்டது, ஊதிப்போய்க் குழலை ஒரு பக்கமாக நெட்டிவிட்டது, அதனால் தோட்டா மானுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது. மழையில்லாத வருடத்தில் மரம் காய்ந்துவிட்டது. எனவே கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை வாங்கினான். அது ஊறாது, காயாது, வெடிக்காது என்று கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஊர் முழுக்கச் சொன்னான். அந்த நவம்பரில் மான் நின்றுவிட்டுப் போனதும், பிளாஸ்டிக் உள்ளே வெறும் கூடு, கை உறை உரசினாலே காலி டப்பா மாதிரிச் சத்தம் போடுகிறது, மானுக்குக் கேட்டுவிட்டது என்றான். மறுபடி மரம் வந்தது. அப்புறம் மறுபடி பிளாஸ்டிக். மாற்றி மாற்றிக் கழற்றியதில் திருகுகளின் தலை வழவழத்துப் போய்விட்டது.

இதைக் கேட்டு அவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. சாலைத்துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன் அவன். ஏரியிலிருந்து பனிப்புயல் கிளம்பி வந்து, முன்னால் நீட்டிய கை தெரியாத அளவுக்குக் கொட்டும்போது, இருபத்தேழு மைல் சாலையை ஒரு தபால்பெட்டியைக்கூடச் சாய்க்காமல் வழித்துக்கொண்டு போவான். அவன் பயந்து யாரும் பார்த்ததில்லை.

கட்டை விஷயத்தில் அவனுக்கு வாய்த்த எதிராளி ராய்ஸ், அவன் மனைவி மார்லிஸின் அண்ணன். ராய்ஸ் மர ஆலையில் வேலை பார்க்கிறவன். அதனாலேயே மரத்துக்காகத் தான் பேசியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை காலைகளில் காபிக்கடையில் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைத்தான் பேசுவார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் பணிப்பெண்ணிடம் இடம் மாற்றிக் கேட்பார்கள்.

"சோப்பு டப்பாவைத் தோள்ல வெச்சுக்கிட்டு மான் சுடப் போறியா நீ?" என்பான் ராய்ஸ்.

"உன் மரம் மழையைக் கண்டா காபியில போட்ட ரொட்டி மாதிரி ஊதிக்குமே, அதுக்கு டப்பா தேவலை."

"ஊதட்டுமே. நான் சுட்டா மான் விழுதுல்ல?"

"எங்க விழுந்துச்சு? போன வருஷம் நீ கொண்டுவந்தது லாரியில அடிபட்ட மான். ஊருக்கே தெரியும்."

"தூக்கி வண்டியில போட்டது நான்தானே! அது வேட்டை இல்லையா?"

மார்லிஸ் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. அவள் ஊர் மருத்துவ நிலையத்தில் தாதி. தடுப்பூசி போடுவது அவள் பொறுப்பு. அவளிடமும் ஒரு துப்பாக்கி உண்டு. சின்னது, பழையது, பிர்ச் மரக்கட்டை. கட்டையின் கழுத்தில் விரிசல் விட்ட இடத்தில் ஹாக்கி மட்டைக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தாள். வருடம் தவறாமல் அதில் ஒரு மான் சுடுவாள். சுட்டுவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அவ்வளவுதான்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, தடுப்பூசி முகாம் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தவள், சமையலறை மேசையில் தன் துப்பாக்கி துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்தாள். குழல் ஒரு பக்கம், திருகுகள் சர்க்கரைக் கிண்ணத்தில், கட்டை வெண்டெலின் மடியில்.

"என்ன பண்ற?"

"ஆராய்ச்சி," என்றான் வெண்டெல். கண்கள் பளபளத்தன. "மார்லிஸ், இவ்வளவு நாளா எனக்குத் தோணவே இல்ல பாரு. உன்னோடது வால்நட் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. பிர்ச்! சூட்சுமம் அதுலதான் இருக்கு. உள்பக்கம் கொஞ்சம் செதுக்கினா என் குழல் இதுல உக்காந்துடும்."

அவன் வலது கையில் உளி இருந்தது.

மார்லிஸ் கத்தவில்லை. ஊசிக்குப் பயந்து மேசைக்கு அடியில் நுழைந்துகொண்ட பிள்ளைகளிடம் பேசுகிற குரலில், "உளியைக் கீழ வை," என்றாள். வைத்தான். "திருகை முடுக்கு." முடுக்கினான். "நாளைக்கு சரளைக் குழிக்குப் போறோம். ரெண்டு கட்டையையும் எடுத்துக்கோ. உன் துப்பாக்கிக்கு நான்தான் தோட்டா போடுவேன்."

"நீ எதுக்கு?"

"ஆராய்ச்சி."

ஊருக்கு வெளியே சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்று இருக்கிறது. வேட்டைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் அங்கேதான் துப்பாக்கியின் குறியைச் சரிபார்ப்பார்கள். அன்றைக்குப் பதினைந்து பேராவது இருந்தார்கள். ராய்ஸும் தன் வால்நட்டுக்கு எண்ணெய் தேய்த்துப் பளபளக்கக் கொண்டுவந்திருந்தான். வெண்டெல் பிளாஸ்டிக் கட்டையைப் பூட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, குழலை மணல்மூட்டையின் மேல் வைத்தான். மார்லிஸ் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு தோட்டா போட்டுக் கொடுத்தாள்.

முதல் வெடி. எதிரே குறியாக நட்டிருந்த அட்டையின் கீழ் மூலையில் ஓட்டை விழுந்தது. "பார்த்தியா, பிளாஸ்டிக்!" என்றான் வெண்டெல், ஏதோ நிரூபணமாகிவிட்ட மாதிரி. இரண்டாவது வெடி. அட்டையிலேயே இல்லை. மூன்றாவதுக்கு மூச்சைப் பிடித்து, விசையை இழுத்தான்.

டிக் என்றது. வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி வெடித்துவிட்டதுபோலவே வெண்டெல் செய்தான். இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன, தோள் முன்னால் பாய்ந்தது, தலை பின்னால் போனது, குழல் மணல்மூட்டையிலிருந்து நழுவிக் கீழே குத்தியது. வெடிச்சத்தமும், துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதையும் இருந்தபோது அதற்குள் ஒளிந்திருந்ததெல்லாம் அந்த அமைதியில் பட்டப்பகலாகத் தெரிந்தது. பக்கத்துப் பெஞ்சுக்காரர் தன் காதடைப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"தோட்டா சரியில்ல," என்றான் வெண்டெல்.

"சரியாத்தான் இருக்கு. அது வெத்துத் தோட்டா, நான்தான் போட்டேன்," என்றாள் மார்லிஸ். "கட்டையை மாத்து. மரத்தைப் போடு."

எல்லோரும் தங்கள் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. வழவழத்த திருகுகள் பிடிக்கவே இல்லை. மரக்கட்டை பூட்டியாயிற்று. மார்லிஸ் மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்பினாள். இந்த முறை முதலாவதே வெற்று. டிக். கண் மூடியது, தோள் பாய்ந்தது, குழல் குத்தியது. அணுவளவுகூட வித்தியாசமில்லை.

ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு கட்டையும் நல்லாத்தான்யா இருக்கு! பின்னால உக்காந்திருக்கே ஒரு கட்டை, அதுதான் சரியில்ல!"

பள்ளமே சிரித்தது. வெண்டெல் துப்பாக்கியைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் சிரிக்கவில்லை.

"அண்ணா, நீ வா," என்றாள். "உனக்கும் நாலு போட்டுத் தர்றேன்."

ராய்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான். ஆலையில் ஒரு ரம்பத்தைக் கவனிக்க வேண்டியிருப்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலை கிடையாது. அதை யாரோ சொல்வதற்குள் அவன் வண்டி மேட்டில் ஏறிவிட்டது.

திரும்பும் வழியில் வெண்டெல்தான் வண்டியை ஓட்டினான். ரயில் கிராசிங் தாண்டியதும் கேட்டான்:

"உனக்கு எப்போ இருந்து தெரியும்?"

"முதல் வருஷத்துல இருந்து. ஊசியைக் கண்டதும் தோளை இறுக்கிக்குவாங்க பாரு, அதே தோள். ஒரு நாளைக்கு முப்பது தோள் பார்க்கிறேன் நான்."

"அப்போ ஏன் சொல்லல? ஒன்பது வருஷம், மார்லிஸ்!"

"நீ கட்டையைப் பத்தித்தான் கேட்ட. உன்னைப் பத்திக் கேக்கவே இல்லையே."

அது அவனுக்குக் குத்தியது. கோபத்தில் இரண்டு மைல் ஓட்டினான். அப்புறம், சாலையைப் பார்த்தபடியே, ஹாக்கி ஆடியபோது பட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவந்த, வலது புருவத்தின் மேல் இருந்த பிறைத் தழும்பைத் தொட்டுக்கொண்டு, "இது ஹாக்கியில பட்டது இல்ல," என்றான். பதினாலு வயதில் மாமா ஒருத்தர் பெரிய துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்துச் சுடச் சொன்னார். அது உதைத்த உதையில் குறிபார்க்கும் தொலைநோக்கியின் விளிம்பு நெற்றியில் வந்து இடித்தது. முகமெல்லாம் ரத்தம். சுற்றி நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்வது.

"தெரியும்," என்றாள் மார்லிஸ். "ஹாக்கி மட்டை பிறை மாதிரி வெட்டாது. வீட்டுக்குப் போய் அந்தக் குழல் மேல ஒரு காசை வெச்சுப் பழகு. விசையை இழுக்கிறப்போ காசு விழக் கூடாது."

மறுநாளிலிருந்து வேலைக்குப் போவதற்கு முன் வண்டிக்கொட்டகையில் வெண்டெல் காலித் துப்பாக்கியும் காசுமாக உட்கார்ந்தான். முதல் நாள் ஐம்பது தடவை விழுந்தது. குனிந்து பொறுக்குவதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டாவது வாரத்தில் ஐந்தில் மூன்று தடவை காசு அப்படியே நின்றது.

நவம்பர் பதினைந்து விடிந்தபோது பனியும் மழையும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. வாசலில் மார்லிஸ் தன் துப்பாக்கியை அவனிடம் நீட்டினாள். "இது உதைக்காது. எடுத்துட்டுப் போ. செதுக்காதே." பிறகு மூலையில் சாய்ந்திருந்த அவன் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பாட்டுக்குத் தன் பரணுக்குப் போனாள்.

ஒன்பதரை மணிக்கு அவள் இருந்த திசையிலிருந்து ஒரே ஒரு வெடி கேட்டது.

வெண்டெலுக்கு மத்தியானம் மூன்று மணிவரை எதுவும் வரவில்லை. அப்புறம் தேவதாரு மரங்களுக்கிடையிலிருந்து ஒரு இளம் கலைமான் வந்தது. விரல் நீளத்துக்கு இரண்டு கொம்பு, காதை விடக் குட்டை. வெண்டெல் துப்பாக்கியைத் தூக்கினான். தோள் இறுகுவதை உணர்ந்தான். மூச்சை விட்டுத் தளர்த்தினான். மறுபடி இறுகியது, மறுபடி தளர்த்தினான். இழுத்தான். அன்றைக்குத்தான் ஒன்றைப் பார்த்தான்: வெடித்த அந்தக் கணத்தில் மான் முதுகை வளைத்துத் துள்ளுவதை. இத்தனை வருடமும் அந்த இடத்தில் அவனுக்கு இருட்டு மட்டும்தான் இருந்தது. கண் திறந்திருந்தால் இவ்வளவு தெரியுமா என்று நினைத்துக்கொண்டான். கீழே இறங்கி, மான் விழுந்து கிடந்த இடத்துக்குப் போனான்.

வீட்டுக் கொட்டகையில் ஏற்கனவே ஒரு மான் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுக் கிளைக் கொம்பு, கழுத்து பீப்பாய் கனம். அதற்குப் பக்கத்தில் வெண்டெலுடையதைத் தொங்கவிட்டபோது அதன் பிள்ளை மாதிரி இருந்தது.

"என் துப்பாக்கியிலயா சுட்ட?" என்றான்.

"ஆமா."

"எந்தக் கட்டை போட்டிருந்துச்சு?"

மார்லிஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் ஈரலை வெங்காயத்தோடு வறுப்பது அந்த வீட்டு வழக்கம். "பார்க்கல," என்றாள்.

இதோடு வெண்டெல் திருந்தியிருப்பான் என்று எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த சனிக்கிழமை காபிக்கடைக்கு வந்திருக்க வேண்டும். "வால்நட்டும் வேஸ்ட், பிளாஸ்டிக்கும் வேஸ்ட்," என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தான். "பிர்ச்சுல அடர்த்தி வேற மாதிரி. உதையை அது உறிஞ்சிக்குது." சரளைக் குழியில் சிரித்தவர்களே இப்போது தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மான் விழுந்திருக்கிறதே, மறுத்து என்ன சொல்வது? தினமும் காலையில் கொட்டகையில் நடப்பதைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. மார்லிஸும் சொல்லவில்லை. அவளுடைய எட்டுக் கிளைக் கொம்பைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

ராய்ஸ் அந்த வாரம் மூன்று மான்களைச் சுட்டு மூன்றையும் தவறவிட்டிருந்தான். மழையில் வால்நட் ஊதிவிட்டது என்று அவன் வாயாலேயே சொல்லும்படி ஆகிவிட்டது. மற்றவர்கள் எழுந்து போன பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அந்த பிர்ச் கட்டை எங்க கிடைக்குது வெண்டெல்?"

வெண்டெல் அவன் முகத்தைப் பார்த்தான். தோளைப் பார்த்தான். சரளைக் குழி மேட்டில் அவசரமாக ஏறிய வண்டியை நினைத்துக்கொண்டான். இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஒரு காசும் பத்து நாள் பொறுமையும் போதும் என்று.

"ஆர்டர் குடுக்கணும்," என்றான். "ஆறு வாரம் ஆகும். இப்பவே சொல்லி வெச்சுடு, அடுத்த வருஷம் நிறைய பேர் கேப்பாங்க."