விடுங்கண்ணா

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கே என் காதுமேல் பாதி நாள் சந்தேகம்தான். அதனால் அன்றன்று டைரியில் குறித்துவைத்ததை அப்படியே சொல்கிறேன். கைச்சரக்கு எதுவும் இல்லை.

பகலில் டயர் கிடங்கில் வேலை. மாலையில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான வகுப்பு. இரண்டு முறை தோற்றாயிற்று. அப்போதிருந்த வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. வகுப்பில் எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். "அண்ணா" என்பார்கள். டீ குடிக்கப் போகும்போது மட்டும் கூப்பிட மாட்டார்கள். வகுப்பு கலைந்ததும் தனியாக உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதுவேன். காவலாளி சாவியை என்னிடமே கொடுத்துவிடுவார்.

"பூட்டிட்டு ஜன்னல் வழியா போட்டுருங்க, டாக்டரே!"

தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். தெரியாததை விட்டுவிடுங்கள் என்று சார் தலைப்பாடாக அடித்துக்கொள்வார். எனக்கு விட மனம் வராது. குத்துமதிப்பாக ஏதாவது ஒரு வட்டத்தைக் கருப்பாக்கி, இருப்பதையும் இழப்பேன்.

செவ்வாய்க்கிழமை. இரவு 8.40. ஓர் இயற்பியல் கணக்கில் மாட்டிக்கொண்டு விழித்தேன்.

"...விடுங்கண்ணா..."

முதுகுக்குப் பின்னாலிருந்து. மெதுவாக.

திரும்பினேன். வெறும் சுவர். பக்கத்து வகுப்பில் எவனோ இருக்கிறான் என்று நினைத்தேன். ஆனாலும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். வெள்ளியன்று எழுந்துபோய்ப் பார்த்தேன். பக்கத்து வகுப்பு வெளியே பூட்டியிருந்தது. 'காதைச் சோதிக்க வேண்டும்' என்று டைரியில் எழுதினேன்.

மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. உண்மையில் எனக்குப் பயம் வரவில்லை. நாள் முழுக்க என்னிடம் பரிவாகப் பேசியது அந்தக் குரல் ஒன்றுதான்.

"தேங்க்ஸ்டா தம்பி," என்றேன் ஒருநாள், சுவரைப் பார்த்து.



டொக்... டொக்...

மரக்கதவைத் தட்டும் சத்தம். சுவருக்குள்ளிருந்து.

தேர்வுக்கு முந்தின நாள். 8.55. விளக்கை அணைத்தேன். சாவியை எடுத்தேன்.

டொக். டொக். டொக்.

இம்முறை முழுதாகக் கேட்டது.

"கதவத் தொறந்து... விடுங்கண்ணா... நாளைக்கு எனக்குப் பரீட்சை..."



பூட்டினேன்.

ஓடினேன்.

தேறிவிட்டேன். மயிரிழையில் இடம் கிடைத்தது. சொல்லிவிட்டு வர வகுப்புக்குப் போனபோது, காவலாளியிடம் அந்தச் சுவரைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது.

"அங்க ஒரு ஸ்டோர் ரூம் இருந்துச்சு. ஒரு பையன் சத்தமில்லாம படிக்கணும்னு உள்ள போய்த் தூங்கிட்டான். சாவி வச்சிருந்த பெரிய பையன் பாக்காம பூட்டிட்டான். அப்புறம் பத்து நாள் லீவு. திறந்து பாத்தப்போ... விடுங்க. அதுக்கப்புறம்தான் கதவை எடுத்துட்டு செங்கல் வச்சு அடைச்சோம்."

"உள்ளேருந்து கூப்பிடலையா?"

"கூப்பிட்டிருக்கான். பெரியவனுக்குப் பாதிதான் கேட்டுச்சாம். யாரோ தனக்கு ஆறுதல் சொல்றாங்கன்னு நெனச்சானாம்."

"என்னன்னு கேட்டுச்சாம்?"

"விடுங்கண்ணான்னு."