காம்புப் பக்கத்துத் துண்டு

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பிக்கு அக்கா, அதனால் தெருவுக்கே அக்கா. அவளைவிட மூத்தவரான பக்கத்து வீட்டுத் தையல்காரர்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, நாலு கத்தரிக்கா கிடைக்குமா?" என்றுதான் கேட்பார். கிடைக்கும். கூடவே கத்தரிக்காயை எப்படி எப்படியெல்லாம் நறுக்கக் கூடாது என்று ஒரு சொற்பொழிவும் கிடைக்கும். காய் இலவசம், காது கொடுப்பதுதான் கூலி.

நல்ல மனுஷிதான். சமையல் என்று வந்துவிட்டால் மட்டும் வாய் கொஞ்சம் நீளம். அடுத்த வீட்டில் தாளிக்கும் வாசனையை வைத்தே, "எண்ணெய் காயறதுக்குள்ள போட்டுட்டா, பாவம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்கிற ரகம் இல்லை அவள்.

வெகு காலம் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தவள். காலையில் வேலைக்குப் போன கணவன் ஒரு நாள் சாயங்காலம் வேறொரு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டான். பிறகு கண் மங்கி வேலையும் போயிற்று. ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றாள். தம்பி பஸ் பணிமனையில் மெக்கானிக். அவன் மனைவிக்கு மருந்துக் கடையில் கல்லா வேலை. "உள்ள வாக்கா, இது உன் வீடு மாதிரி" என்றான் தம்பி. அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அந்த 'மாதிரி' அக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒட்டுண்ணியாக இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. நிலம் என்று மரியாதைக்குச் சொல்லலாம். உடைந்த செங்கல், பெயின்ட் டப்பா, பழைய டயர் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டாள். காய்கறித் தோலும் சருகும் சாம்பலும் கொட்டிக் கொட்டி மண்ணை மண்ணாக்கினாள். கீரை வந்தது, தக்காளி வந்தது, கத்தரி, மிளகாய், ஓரத்தில் ஒரு பப்பாளி, நடுவில் பந்தல் போட்டுச் சுரைக்கொடி. தோட்டம் வந்ததும் அடுப்பும் அவள் கைக்கு வந்துவிட்டது. தம்பி மனைவி விட்டுக்கொடுத்தாள் என்று அக்கா சொல்வாள். பிடுங்கிக்கொண்டாள் என்று தம்பி மனைவி சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னதில்லை.

சுரை விதையைக் கடையில் வாங்குகிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. கொடியில் நல்ல காயாகப் பார்த்து ஒன்றை முற்ற விட்டு, காயவைத்து, விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைப்பாள். அதில் ஒரு ஆபத்து உண்டு. பக்கத்தில் எங்காவது பேய்ச்சுரை என்கிற கசப்புக் காட்டுச்சுரை படர்ந்திருந்தால் வண்டு இந்தப் பூவுக்கும் அந்தப் பூவுக்கும் போய்வந்து விதையைக் கெடுத்துவிடும். அடுத்த வருஷம் காய் அதே பச்சையில், அதே வழவழப்பில்தான் காய்க்கும். உள்ளே மட்டும் விஷக் கசப்பு. அதனால் சுரைக்காயை நறுக்கும் முன் காம்புப் பக்கம் ஒரு துண்டு அரிந்து வாயில் போட்டு மென்று பார்க்க வேண்டும். அவள் அதைச் செய்யாமல் ஒரு நாளும் அடுப்பில் ஏற்றியதில்லை. மென்றுவிட்டு "சரி" என்பாள். அதற்குப் பிறகுதான் பாத்திரம் ஏறும்.

போன வருஷம் மழையில் ஒரு காய்ச்சல் வந்து அவளைப் புரட்டிப் போட்டது. காய்ச்சல் விட்டது. வாசனையும் ருசியும் திரும்பவில்லை. அடுப்பில் பருப்பு கருகிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே நின்றவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பயந்துபோய் உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கினாள். மணலை நக்கியது போல இருந்தது. சர்க்கரையும் மணல்தான். சாப்பாடு சரியில்லை என்றால் நாக்கு செத்துப்போச்சு என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள். அவளுக்கு உண்மையாகவே செத்துப்போயிருந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சமைப்பதால்தான் இந்த வீட்டில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது, சமைக்கத் தெரியாத அக்காவை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்தாள். நினைப்பு சரியோ தப்போ, அதுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

சாமர்த்தியத்துக்கு அவளிடம் குறைவில்லை. உப்பு ஜாடிக்குள் ஒரு பாட்டில் மூடியைப் போட்டு வைத்து, அதுதான் அளவு என்று வைத்துக்கொண்டாள். வதங்கியதா என்று நிறத்தைப் பார்த்தாள், எண்ணெய் காய்ந்ததா என்று சத்தத்தைக் கேட்டாள். அதற்கு மேல் தம்பியின் முகம் இருந்தது. அவன் சாப்பிடும்போது கரண்டியோடு எதிரே நின்றுகொள்வாள். காரம் அதிகம் என்றால் மூக்கை உறிஞ்சுவான். உப்பு அதிகம் என்றால் இரண்டாவது வாய்க்குமுன் தண்ணீரை எடுப்பான். மறுநாள் அதைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்வாள். அவன் முகம்தான் அவள் நாக்கு.

கொஞ்ச நாளில் அவன் தண்ணீரை எடுப்பதும் நின்றது, மூக்கை உறிஞ்சுவதும் நின்றது. "நல்லா இருக்கா?" என்றால் "நல்லா இருக்கு." தினமும் நல்லா இருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாக்கே இல்லாமல் சமைக்கிறேன், எவளால் முடியும் என்று தனக்குத் தானே மெச்சிக்கொண்டாள். தம்பி மனைவிதான் வயிறு சரியில்லை என்று சொல்லி ரொட்டியும் பழமுமாகக் காலத்தை ஓட்டினாள். ஒருமுறை தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, இந்தக் கீரையில..." என்று ஆரம்பித்தாள். தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். மருந்துக் கடையில் மாத்திரை வாசனை பிடித்துப் பிடித்து இவளுக்கு வீட்டுச் சோறு இறங்கவில்லை, அதுவும் நாத்தனார் கைச் சோறு எப்படி இறங்கும் என்று அக்கா கறுவிக்கொண்டாள்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் தையல்காரர் வீட்டுச் சாக்கடை ஓரம் ஒரு கொடி முளைத்து, இடிந்த சுவர்மேல் வெள்ளைப் பூவாகப் பூத்தது. பேய்ச்சுரை. பழைய அக்காவாக இருந்தால் சுவர் ஏறிக் குதித்துப் பிடுங்கி எறிந்திருப்பாள். காய்ச்சல் விட்ட உடம்பு வணங்கவில்லை. "சுவத்து ஓட்டையை மறைக்குது, இருக்கட்டுமேக்கா" என்று தையல்காரரும் கேட்டுக்கொண்டார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுடைய பந்தலிலும் அப்போது பூக்கள் திறந்திருந்தன.

அந்தப் பூவில் முற்றிய காயிலிருந்து எடுத்து வைத்த விதையில் வந்த கொடி இந்த வருஷம் முதல் காய் காய்த்தது. பளபளவென்று ஒரு காய். அன்று தம்பிக்கு விடுமுறை. அவன் மனைவி கடைக்குப் போயிருந்தாள். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் ஒரு மின்விசிறியைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தான். அக்கா காம்புப் பக்கம் ஒரு துண்டு அரிந்து வாயில் போட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"இனிக்குதுடா. கற்கண்டுதான்."

அவன் ஏதோ கேட்க வந்தவன் போல அவள் கையிலிருந்த காயையே பார்த்தான். பிறகு, "சரி" என்று குனிந்துகொண்டான்.

பருப்போடு வேகவைத்துப் பூண்டு தட்டிப் போட்டு இறக்கினாள். தட்டில் சோறு வைத்து மேலே ஊற்றினாள். முதல் வாயிலேயே அவன் தாடை நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

"என்னடா?"

"சூடு."

"நல்லா இருக்கா?"

அவன் விழுங்கினான். "நல்லா இருக்கு."

முதல் காய் ஆயிற்றே என்ற சந்தோஷத்தில் அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதையும் சாப்பிட்டான். வழித்துச் சாப்பிட்டான்.

அவள் தனக்குத் தட்டு எடுப்பதற்குள் அவன் பின்பக்கம் ஓடிவிட்டான். பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நிற்கவே இல்லை. கடைசியில் வந்ததில் ரத்தம் இருந்தது. தையல்காரர்தான் வண்டி பிடித்து வந்து ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் கேட்டாள். "என்ன சாப்பிட்டார்?"

"வீட்டுச் சாப்பாடுதாம்மா. எங்க தோட்டத்துக் காய். மருந்து கிருந்து எதுவும் அடிக்கிறதில்ல" என்றாள் அக்கா. அந்த நேரத்திலும் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"என்ன காய்?"

"சுரைக்காய்."

டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினாள். "கசந்துச்சா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். டாக்டர் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

"கசந்துச்சு."

"சின்னப் பிள்ளைகூடத் துப்பியிருக்குமே. ஏன் சாப்பிட்டீங்க?"

அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

வெளியே நடையில் தம்பி மனைவி கடையில் போடும் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். இன்றைக்கு இவள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள் என்று அக்கா காத்திருந்தாள். அவளோ பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினாள்.

"அண்ணி, உங்களுக்கு ருசி தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"மழைக்காலத்துலேருந்து. அடிப்பிடிச்ச பாலை எங்களுக்குக் கொடுத்துட்டு, நீங்களும் முகம் சுளிக்காம ஒரு டம்ளர் குடிச்சீங்களே, அன்னைக்கே தெரியும்."

அந்த டம்ளர் பால் அக்காவுக்கு நினைவு வந்தது.

"உங்ககிட்ட சொல்லிடலாம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். கடைக்கு வர்ற டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டும் வச்சேன். உடனே பார்த்தா சில பேருக்குத் திரும்ப வரும்னாரு. கூட்டிட்டுப் போகலாம்னேன். இவருதான் வாயே திறக்கக் கூடாதுன்னாரு. அக்கா இடிஞ்சு போயிடும், சமையல் ஒண்ணுதான் அதுக்கு இருக்குன்னாரு."

"இப்ப பார்த்தா?"

"தெரியல அண்ணி. ரொம்ப நாளாயிடுச்சு."

அக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் யாரைப் பகையாளி என்று நினைத்தாளோ அவள்தான் உண்மையைச் சொல்ல நின்றிருக்கிறாள். யார் முகத்தை நம்பி உப்புப் போட்டாளோ அவன் அந்த முகத்தைப் பூசி மெழுகி வைத்திருக்கிறான். ஒவ்வொரு 'நல்லா இருக்கு'வும் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு வாயில் வைக்க விளங்கவில்லை என்று கத்தியிருக்கலாம். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளிடம் அவனுக்கு அந்த உரிமைகூட இல்லாமல் போயிற்றா?

தம்பி பிழைத்து வீட்டுக்கு வந்தான். பாதியாகியிருந்தான். அதற்குள் அக்கா சுரைக்கொடியை வேரோடு பிடுங்கிப் பந்தலையும் பிரித்துவிட்டாள். வைத்திருந்த விதையை அடுப்பில் போட்டாள். அடுப்பு இப்போது அவளுடையது இல்லை. யாரும் எதையும் சொல்லவில்லை. கடைக்குப் போகும் முன்பே தம்பி மனைவி எழுந்து சமைத்துவிடுகிறாள், அவ்வளவுதான். உப்பு ஜாடியைக் கழுவும்போது உள்ளே கிடந்த பாட்டில் மூடியை அவள் எடுத்துக் குப்பையில் போட்டாள். இது எப்படி இதற்குள் விழுந்தது என்று மட்டும் கேட்டாள். அக்கா தெரியவில்லை என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு, "நீங்களும் உட்காருங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. இத்தனை வருஷத்தில் அக்கா அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. கையில் கரண்டி இல்லாமல் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. தம்பி மனைவி பரிமாறினாள். அக்கா ஒரு வாய் எடுத்து மென்றாள்.

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா இருந்திருக்கலாம். பேச ஒன்றும் கிடைக்காமலோ, பழக்க தோஷமோ, வாயை விட்டான்.

"எப்படிக்கா இருக்கு?"

அக்கா விழுங்கினாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள், அவன் எப்படிச் சொல்வானோ அதே குரலில்.

தம்பியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அக்கா தன் தட்டைத் தம்பி மனைவி பக்கம் நகர்த்தி, இன்னொரு கரண்டி போடச் சொன்னாள்.