பாருக்கு ஆயில் வரவில்லை

மரம் அறுக்கும் மெஷினில் இன்ஜின் நின்றுபோனால் அது சின்னப் பிரச்சினை. இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பாருக்கு மட்டும் ஆயில் வரவில்லை என்றால்தான் ரிப்பேர்காரனுக்குப் பெரிய பிரச்சினை.

செயின் சுற்றி ஓடுகிற நீளமான இரும்புப் பட்டைக்குத்தான் பார் என்று பெயர். அதற்கு ஆயில் விட மெஷினுக்குள்ளேயே தனி டேங்க், விரல் நுனி அளவில் ஒரு பம்ப். பெட்ரோல் தீர்ந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். ஆயில் வராவிட்டால் நிற்காது. முதலில் புகையும், அப்புறம் பார் நீலம் பாரிக்கும், செயின் இறுகும். எந்த நிமிஷம் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றுபோகும் என்று சொல்ல முடியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருஷங்கள் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஒரு தெரு உள்ளே எனக்குக் கடை இருந்தது. மொபெட்டும் மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் தோப்புகள் பிளாட் ஆக ஆக, இந்த மெஷின்களும் வர ஆரம்பித்தன. பழுது பார்த்துப் பிழைத்தவர்களும், பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர்களும் இதைப் படித்துவிட்டுச் சேர்ந்தே பெருமூச்சு விடலாம்.

கறுப்பு ஆயில்

என்னிடம் முதலில் இந்த மெஷினைக் கொண்டுவந்தவர் அனகாபுத்தூர் மேரி அக்கா. நிற்கிற மரத்தை விலை பேசி வாங்கி, அறுத்து விறகுக் கடைக்கு அனுப்புவது அவர் தொழில். மேலே ஏறி அறுப்பது தம்பி அந்தோணி. மெஷின் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பார் கருகிப் போயிருந்தது. பம்ப்பே மட்டம், ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று அக்கா கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரனைத் திட்டுகிறாரா என்னையா என்று புரியாமல் நான் டேங்கைத் திறந்தேன்.

உள்ளே தார் மாதிரி இருந்தது. லாரி ஷெட்டில் வடித்துப் போட்ட பழைய இன்ஜின் ஆயில். அதிலிருந்த இரும்புத் தூளும் மண்டியும் ஆயில் ஃபில்டரைச் சுத்தமாக அடைத்திருந்தன. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி, பாரின் பள்ளத்தில் இறுகியிருந்த மரத்தூளைச் சுரண்டி எடுத்து, புது ஆயில் ஊற்றினேன். பார் நுனியைப் பழைய பேப்பருக்கு நேராகப் பிடித்து ரேஸ் கொடுத்ததும் பேப்பரில் மெல்லிய கோடாக ஆயில் தெறித்தது. ஆயில் வருகிறதா என்று பார்க்க இதைவிட நம்பகமான வழி கிடையாது. இனி கடையில் விற்கிற புது டப்பா ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். அக்கா அந்தக் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெஷினுக்கு டப்பா ஆயிலு கேக்குறே. எங்க வூட்டு மீன் கொழம்புக்கே பாமாயில்தான் ஊத்திகினு கீறோம்."

இரண்டு ஓட்டைகள்

அடுத்த வருஷம் அதே மெஷினின் பார் தேய்ந்துபோனது. அதே கம்பெனி பார் கிடைக்காமல், அளவு ஒத்துவருகிற வேறொன்றை வாங்கி மாட்டினேன். அந்தோணி வாசலில் அவசரப்பட்டுக்கொண்டு நின்றான். பக்கத்துத் தெருவில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை மின்கம்பிக்கு மேலே சாய்ந்திருந்தது. பன்னிரண்டு மணி வரைக்கும்தான் கரண்டை நிறுத்தித் தருவார்களாம். இன்ஜின் ஸ்டார்ட் ஆனது, செயின் ஓடியது. பேப்பரில் பிடித்துப் பார்க்காமல் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பதினொன்றேகாலுக்கு அந்த மரம் நின்ற வீட்டிலிருந்து போன். போய்ப் பார்த்தால், அந்தோணி இருபதடி உயரத்தில் இடுப்பில் கயிற்றோடு உட்கார்ந்திருக்கிறான். கிளை பாதிக்கு மேல் அறுபட்டிருக்கிறது. அறுத்த வெட்டுக்குள்ளேயே செயின் இறுகி, மெஷின் கிளையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பலமாக இழுத்தால் கிளை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. கீழே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதைத் தாண்டி கம்பி. வீட்டிலிருந்தவர்களை மேரி அக்கா ஏற்கெனவே தெருவுக்கு அனுப்பியிருந்தார். லைன்மேன் கையைத் திருப்பித் திருப்பி மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஸ்பேனரைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். பக்கவாட்டு மூடியில் இருக்கும் இரண்டு நட்டையும் கழற்றச் சொன்னேன். பாரும் செயினும் மரத்திலேயே இருக்கட்டும், இன்ஜினை மட்டும் இறக்கு என்றேன். அவன் இறக்கினான். பிறகு கிளையைக் கயிற்றால் மேல் கொம்போடு கட்டி, ஒரு சாண் தள்ளிக் கைரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தைத் தவிர தெருவில் வேறு சத்தமில்லை. கிளை கயிற்றில் தொங்கித் தரையைத் தொட்டபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

பாரை எடுத்து இன்ஜினோடு வைத்துப் பார்த்தேன். மெஷினில் ஆயில் வெளியே வருகிற ஓட்டைக்கும், பாரில் அதை வாங்கிக்கொள்கிற ஓட்டைக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம். வந்த ஆயில் எல்லாம் வெளியேதான் வழிந்திருக்கிறது. தப்பு என்னுடையது, பார்க்காமல் கொடுத்துவிட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அந்தோணியின் உள்ளங்கை தோலுரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அக்கா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒத்துகினே, சரி. அவன் உசுரோட எறங்காம போயிருந்தா யாராண்ட வந்து ஒத்துகினு இருப்பே?"

அதற்கப்புறம் அவர் என் கடைக்கு வரவில்லை.

காலையில் வராது, மதியம் வரும்

பெருங்களத்தூரில் சேஷாத்ரி சார் என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். தோட்டத்து மரங்களில் தானே கிளை கழிப்பதற்காகச் சின்ன மெஷின் வைத்திருந்தார். ஒரு மார்கழியில், ஆயிலே வரவில்லை என்று அதைக் காய்கறிப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். பட்ட சூடு எனக்கு ஆறியிருக்கவில்லை. மூன்று முறை பேப்பரில் பிடித்துப் பார்த்தேன். மூன்று முறையும் கோடு விழுந்தது. மறுநாள் மதியம் திரும்ப வந்தார். திரும்பவும் கோடு விழுந்தது. மூன்றாம் நாள் பம்ப்பையே கழற்றி மாட்டினேன். நான்காம் நாள் அவர் உட்காரக்கூட இல்லை. நான் நடிக்கிறேன் என்றும், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகப்போவதாகவும் நிதானமான குரலில் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் வீட்டுக்கே போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மெஷின் தோட்டத்து ஷெட்டில் இருந்தது. ஸ்டார்ட் செய்து பேப்பரில் பிடித்தேன். ஒரு சொட்டு இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது. தேங்காய் எண்ணெய். கீரைப் பாத்தியில் பெட்ரோலிய ஆயில் தெறிக்கக் கூடாது என்று அவராகவே மாற்றியிருக்கிறார். வெயில் ஏறி, பஸ்ஸில் என் கடைக்கு வந்துசேர்வதற்குள் அது உருகிவிடும்; நானும் டேங்கில் ஆயில் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன ஆயில் என்று பார்க்கவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்ரூம்ல எண்ணெய் பாட்டிலும்தான் நாலு நாளா உறைஞ்சு கிடக்கு. அதை நான் ரிப்பேர்னு நினைக்கலையேப்பா."

தண்ணீர் ஏறிய தெரு

மழை மூன்று நாள் விடாமல் பெய்த ஒரு காலையில் போன் அடித்தது. மேரி அக்கா. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அவர் குரலைக் கேட்டேன். ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது, எதிர் வீட்டு வாசலில் வேப்பமரம் விழுந்து கதவை அடைத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே கால் வராத நெசவாளி ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள், மெஷின் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடினால் புகைகிறது என்றார். வா என்று சொல்லவில்லை. நான் மொபெட்டை எடுத்தேன்.

நான் போனபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்த அம்மா, கட்டிலின் மேல் இன்னொரு பெஞ்சைப் போட்டு அதில் கணவரை உட்காரவைத்திருப்பதாகச் சொன்னார். அந்தோணி மெஷினை என்னிடம் நீட்டினான். பார் சுட்டது. டேங்க் நிறைய நல்ல ஆயில். பாரின் ஓட்டை சரியாக இருந்தது, பள்ளம் சுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் செய்தால் ஆயில் வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆயில் மூடியைத் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே போனது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஆயில் வெளியே போகப் போக டேங்குக்குள் காற்று நுழைய ஊசிமுனை அளவில் ஒரு வழி உண்டு. மெஷினைச் சேற்றில் வைத்ததில் அது அடைத்துக்கொண்டிருந்தது. காற்று போகாவிட்டால் பம்ப் ஆயிலை இழுக்க முடியாது. குத்தி எடுக்கக் கையில் ஒன்றுமில்லை, டூல்ஸ் பை மொபெட்டோடு தெருமுனையில் இருந்தது. ஊசி மாதிரி ஏதாவது வேண்டும் என்றேன். மேரி அக்கா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். சேறு புழு மாதிரி வெளியே வந்தது. பேப்பர் ஏது, அக்காவின் குடையைப் பிடிக்கச் சொல்லி அதன்மேல் ரேஸ் கொடுத்தேன். கோடு விழுந்தது. ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று. கோடு நிற்கவில்லை.

அந்தோணி ஏழு துண்டாக அறுத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் நான் பாரைத் தொட்டுப் பார்த்தேன். கதவைத் திறந்து அந்தோணி நெசவாளியை முதுகில் சுமந்து வெளியே வரும்போது தண்ணீர் கட்டில் விளிம்பைத் தொட்டிருந்தது. அவர்களை மேட்டுத் தெருவில் விட்டுவிட்டு, நான் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"ஊக்கைக் குட்த்துட்டுப் போ. மழை வுட்டதும் மெஷினை எட்த்துகினு கடைக்கு வரேன்."

இத்தனை வருஷம் கடை வைத்திருந்தேன், பாருக்கு ஆயில் நன்றாக வருகிறது என்று சொல்வதற்காக மட்டும் ஒருவர்கூடப் படியேறி வந்ததில்லை.